காசும் கேஷும்

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடு.

'கேஷ்' என்பது நம்முடைய 'காசு'தான் என்று நீ வாட்ஸ்அப்பில் போட்டதை அத்தை தெருவுக்கே காட்டிவிட்டாள். பெருமைதான். ஆனால் பாதிதான் சரி. பேங்க் கவுண்டரிலேயே ஆயுசைக் கழித்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீதான் இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லையே.

ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் 'காப்சா'வின் வம்சம். இத்தாலி, பிரான்ஸ் வழியாக இங்கிலாந்து போனது. பணப்பெட்டியின் பெயரே உள்ளே இருக்கும் பணத்துக்கும் ஆகிவிட்டது. நம் காசு வேறு. போர்த்துக்கீசியர் வாயில் அது 'கைஷா' ஆனது. அவர்கள் மொழியில் கைஷா என்றால் பெட்டி, குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஆங்கிலத்தில் அதுவும் கேஷ் ஆகி, சில்லறை நாணயத்துக்குப் பெயரானது. மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நமக்கென்று அடித்த செப்புக்காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் உங்கள் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில்தான் காசுகளை அள்ளி எடுத்தார்கள். லீவு நாளில் அந்தக் கரைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வாயேன்.

லீவு என்றதும் ஞாபகம் வருகிறது. செவ்வாய்க்கிழமை அங்கே காலை 11 மணிக்குக் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தாய். முன்பெல்லாம் மீட்டிங் என்று கட் செய்வாய்.

கேஷியரிலும் இரண்டு உண்டு. என்னைப் போன்ற கேஷியர் அந்தப் பெட்டியின் வம்சம். பட்டாளத்தில் ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதற்கும் அதே எழுத்துக்கூட்டல்தான். அது டச்சுக்காரர் வழியாக வந்த வேறு சொல். இதை எதற்கு எழுதுகிறேனோ.

இந்த மாதம் வழக்கத்தைவிடக் கூடுதலாக அனுப்பியிருக்கிறாய். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குக் கணக்கு உதைக்கிறது. பணம் குறைந்தால்தான் என்றில்லை, கூடினாலும் கேஷியருக்குத் தூக்கம் வராது. பென்ஷன் எங்களுக்குப் போதும். அடுத்த மாதம் அனுப்பாதே. அதற்கடுத்த மாதமும் வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடு. இங்கே வந்து கொஞ்ச நாள் இருப்பதானால் டிக்கெட்டை நான் எடுக்கிறேன், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அத்தையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் நம்பருக்குக் கூப்பிடு. அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள்.

அப்பா