ஞாயிறு ராத்திரி பத்து மணி வரைக்கும்

ஜெர்மனி, காசல் பக்கம்
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பி இருபது நாளாகிவிட்டது. பதில் எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். போனில் பேசலாம் என்றால் "ஆங்? ஆங்?" என்றே பாதி நேரம் போய்விடுகிறது. முப்பது வருடம் இன்ஜினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிய காது, அது என்ன செய்யும்! அம்மா கூட இருந்தால் குளிரைப் பற்றி எழுதியதை மட்டும் சத்தமாக வாசிக்க வேண்டாம்.

எத்தனை மணி நேரம் ஓட்டுகிறாய், படுக்க விடுகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். விடுகிறார்கள். படுக்காவிட்டால்தான் தண்டனை. ஏடிஎம் கார்டு மாதிரி ஒரு கார்டு, அதில் என் போட்டோ. அதை டேக்கோகிராஃப் மெஷினில் சொருகிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். சக்கரம் உருண்டால் அது எழுதிக்கொள்ளும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். கால் மணி நேரம் இருக்கும்போதே கத்த ஆரம்பித்துவிடும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. ஒரு வாரத்துக்கு 56, சேர்ந்தாற்போல் இரண்டு வாரத்துக்கு 90 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. போலீஸ் மறித்தால் லைசென்ஸோடு இந்தக் கார்டையும் கேட்பான். கடைசி 56 நாள் ஓட்டிய கணக்கு அவன் கையில்.

நம் ஊரிலும் லாரிக்காரர்களுக்கு 1961-லேயே சட்டம் போட்டார்கள் அப்பா, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று. இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். சிரிக்காதீர்கள்.

ஆனால் இதிலும் வித்தை இருக்கிறது. மெஷினில் ஓட்டுவதற்கு ஸ்டியரிங் படம், மற்ற வேலைக்குச் சுத்தியல் படம், ஓய்வுக்குக் கட்டில் படம். லோடு ஏற்றும் இடத்தில் மூன்று மணி நேரம் காக்க வைப்பார்கள். ஆபீஸிலிருந்து போன் வரும், "கட்டிலில் போடு" என்று. மெஷின் கணக்கில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன், கீழே நின்று பெல்ட் இறுக்கிக்கொண்டிருப்பேன். பெரிய தலைவலி இடம்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் பார்க்கிங் நிரம்பிவிடும். நேரம் இருக்கிறதே என்று ஓட்டினால் நிறுத்த இடம் இருக்காது. எங்கள் கம்பெனியில் ஒரு பையன் இடம் தேடித் தேடி 40 நிமிடம் கூடுதலாக ஓட்டிவிட்டான். அபராதம் போட்டு, அதைச் சம்பளத்திலும் பிடித்துவிட்டார்கள். பாவம்.

அதனால்தான் நேற்று இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்தும் மத்தியானம் மூன்று மணிக்கே இங்கே ஒதுங்கிவிட்டேன். இத்தாலியிலிருந்து ஹாம்பர்க்குக்கு டைல்ஸ் லோடு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணி வரைக்கும் லாரி ஓடக் கூடாது. வரிசையாக அறுபது எழுபது வண்டி, மாட்டுத்தாவணியில் நிற்கிற மாதிரி. டீக்கடைதான் இல்லை. கழிப்பறைக்குப் போக ஒரு யூரோ. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. தண்ணீர்க் கேனை ராத்திரி வெளியே வைத்துவிட்டேன், காலையில் கல்லாகிவிட்டது. கேபினுக்குள் ஹீட்டர் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

பக்கத்து வண்டிக்காரர் போலந்துக்காரர், அறுபத்திரண்டு வயது. விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். அந்தத் தாத்தா காலையில் சவரம் செய்து, இன்வெர்ட்டரில் பெட்டி போட்டுச் சட்டையைத் தேய்த்து உடுத்திக்கொண்டு, எங்கும் போகாமல் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையாம்! உப்புத் தண்ணீரில் ஊறிய வெள்ளரிக்காய் கொடுத்தார். நம் உப்பு மாங்காயை நினைத்துக்கொண்டு கடித்தேன், சுமார்தான். அந்தக் காலத்தில் மெஷினுக்குள் வட்டக் காகிதம் இருக்குமாம், ஊசி அதில் கோடு இழுத்துக்கொண்டே போகுமாம். ஊசியை வளைத்து ஏமாற்றியவர்களும் உண்டாம். மகள் பிறந்த நாளன்று ஓட்டிய காகிதத்தை இன்னும் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருக்கிறார். நான் பனியனுக்கு மேல் இரண்டு சட்டை போட்டிருந்ததைப் பார்த்துத் தன் பழைய கோட்டையும் கொடுத்தார். எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது, ஆனால் நல்ல கனம்.

சமையல் நானே. பக்கவாட்டுப் பெட்டியில் சின்ன அடுப்பு. மத்தியானம் சோறு வடித்து, கோழி வாங்கி மிளகு தட்டிப் போட்டேன். அம்மா கொடுத்த மசாலாப் பொடி டப்பாவின் அடிக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நம் தெருவில் வீட்டுக்கு வீடு குழம்பு கொதிக்கிற வாசனை வருமே. அது வருகிறதா என்று கதவைத் திறந்து பார்த்தேன் அப்பா. பைத்தியக்காரன் மாதிரி. டீசல் வாசனைதான் வந்தது.

ஒரு விஷயம் கேட்கணும். சாத்தூர் தாண்டிப் புளியமரத்தில் வண்டி ஏறிய ராத்திரி, திருநெல்வேலி லோடு. பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறீர்கள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. அதற்கு முந்தின இரண்டு ராத்திரியும் நீங்கள் வீட்டுக்கு வரவில்லை, எனக்கு நினைவிருக்கிறது. இங்கே மெஷின் கத்தி நிறுத்தச் சொல்லும்போதெல்லாம் கிளீனர் மாமாவின் கால்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அவர் நல்லா இருக்கிறாரா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பதில் எழுதாவிட்டாலும் சரி.

தம்பி பாண்டியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றி விடிவதற்குள் எர்ணாகுளம், இறக்கிவிட்டு அதே பகலில் திரும்புகிறான், வாரத்துக்கு நாலு நடை, ஒத்தை ஆளாக என்று தங்கச்சி சொன்னாள். நேரம் தப்பினால் காய்க்கு விலை போய்விடும், அது எனக்கும் தெரியும். நீங்கள் ஒருமுறை திருமங்கலம் போய் அவன் முதலாளியிடம் பேசுங்கள். டபுள் டிரைவர் போடட்டும், இல்லையென்றால் நடையைக் குறைக்கட்டும். நான் சொன்னால் "வெளிநாட்டுக்காரன் பேசுகிறான்" என்பான். நீங்கள் சொன்னால் கேட்பான்.

இந்த மாதம் பணம் பதினைந்தாயிரம் குறைந்ததற்குக் காரணம் குளிர்க் கோட்டு வாங்கியதுதான், வேறொன்றும் இல்லை. தை மாதம் சேர்த்து அனுப்புகிறேன். சொசைட்டியில் இருக்கும் நகைக்கு வட்டி மட்டும் இப்போது கட்டுங்கள். அம்மாவின் வலது கண்ணை அரவிந்தில் காட்டுவதைத் தள்ளிப் போடாதீர்கள். சின்ன அத்தை வீட்டுக் காதுகுத்துக்கு என் பெயரில் ஐயாயிரம் எழுதுங்கள், கூட வேண்டாம், அவர்கள் நமக்கு மூவாயிரம்தான் செய்தார்கள். கிணற்று மோட்டாரைப் பெரியப்பா மகன் எடுத்துக்கொண்டு போனானே, திருப்பிக் கொடுத்தானா?

மணி ஒன்பதே முக்கால். தாத்தா சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். பத்து அடித்ததும் வாடிவாசல் திறந்த மாதிரி எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் உறுமும். கார்டைச் சொருக வேண்டும். பாண்டி கோயில் பக்கம் போனால் வண்டிக்கு என்று ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துவிடுங்கள், பாண்டியின் வண்டிக்கு.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்