பொயின்ற் பீலியில் ஒரு பின்னேரம்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் இப்போது வின்சரில் படிக்கிறாள். போன கிழமை அவளைப் பார்க்கப் போன சாட்டில் பொயின்ற் பீலிக்கும் போனோம். அதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஈரி ஏரிக்குள் கூராக நீளும் மணல்முனை அது, கனடாப் பெருநிலத்தின் தென்கோடி. மெக்சிக்கோவுக்குப் புறப்படும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் செப்டெம்பரில் அங்கே வந்து சேரும். எதிர்க்காற்றில் ஏரியைக் கடக்க ஏலாது. வடக்குக் காற்று வரும்வரை மரங்களிலேயே தங்கும்.

வெயில் சாயத் தொடங்க ஒன்றிரண்டாக வந்தன, பிறகு கூட்டமாக. சீடர் மரத்தில் காற்றுப் படாத பக்கமாகப் பார்த்து நெருக்கியடித்துத் தொங்கின. சிறகை மூடினால் காய்ந்த சருகென்றே நினைப்பாய். புதிதாக ஒன்று வந்து இறங்க, பக்கத்தில் இருப்பவையெல்லாம் சிறகை விரிக்கும். கொப்பு முழுக்கச் செம்மஞ்சளாகி, உடனேயே அடங்கிவிடும். அப்படி விரித்த ஒன்றின் பின்சிறகில் கறுப்புப் பொட்டுத் தெரிந்தது, ஆண். முன்சிறகின் ஓரம் கிழிந்திருந்தது. அந்தச் சிறகோடு இன்னும் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் போகவேண்டும், மெக்சிக்கோவின் மிச்சோக்கான் மலைகளில் நிற்கும் ஒயாமெல் என்ற ஊசியிலை மரங்கள்வரை.

கோடையில் பிறப்பவை சில கிழமைகளே இருக்கும். இலையுதிர்காலத்தில் பிறப்பவை மட்டும் எட்டு மாதம்வரை வாழும், இனப்பெருக்கத்தையும் தள்ளிப்போட்டுவிட்டுப் பறக்கும். போன மாரியில் மெக்சிக்கோவில் இருந்தவற்றின் பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் இவை. ஒன்றுகூட அந்த மலையைக் கண்டதில்லை. சூரியனை வைத்தே திசை பிடிக்கின்றன. அது நகர நகரக் கணக்கைத் திருத்தும் கடிகாரம் உணர்கொம்பில் இருக்கிறதாம். ஊருக்குப் போகும் வழியை என் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் படம் கீறிக் காட்டியிருப்பேன், சிவா!

இவற்றுக்குச் சிட்டை ஒட்டி, இவை போய்ச் சேரும் இடத்தைப் பல பத்தாண்டுகள் தேடிய விஞ்ஞானி ஃபிரெட் ஏர்க்கட் படிப்பித்தது எங்கள் ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகத்தில்தான். அவருக்கும் மனைவி நோராவுக்கும் உதவிய கென் ப்ரகரும் கத்தலீனா அகுவாடோவும் 1975 ஜனவரியில் அந்த மலைக்காட்டைக் கண்டுபிடித்தார்கள். நான் பஸ்ஸில் கடந்துபோகிற வளாகத்துக்கு இப்படியொரு கதை இருப்பது இத்தனை வருஷமாகத் தெரியாது.

ஆனால் மனம் கனக்கிறது. மெக்சிக்கோவில் அவை அடையும் காட்டின் பரப்பை ஒவ்வொரு மாரியும் அளக்கிறார்கள். 1996-97இல் 18 ஹெக்டேயர், 2023-24இல் 0.9. புழுக்கள் தின்பது மில்க்வீட் இலையை மட்டும். அமெரிக்கச் சோள, சோயா வயல்களில் களைகொல்லி அந்தச் செடியையே இல்லாமல் ஆக்கிவிட்டது. முறித்தால் பால் வடியும் செடி, எங்கள் எருக்கலையின் குடும்பம்தான். வேலியோரம் கொஞ்சம் நட இடம் ஒதுக்கிவிட்டேன். விதையை இந்த மாரிக்கு முன்னரே போடவேண்டும், குளிர்பட்டால்தான் முளைக்குமாம்.

உங்கள் கிணற்றடி எருக்கலையில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட புழுக்கள் இருக்குமே, இப்பவும் வருகின்றனவா? வந்தால் படம் எடுத்து அனுப்பு. இங்கத்தையப் புழுவும் பார்க்க ஏறக்குறைய அப்படித்தான். வளவு துப்புரவாக்க ஆள் வரும்போது அந்தச் செடியில் கை வைக்க விடாதே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
ரவி