கடல்குதிரை வளர்ப்பு: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வீட்டு மீன்தொட்டி பற்றி வந்த கட்டுரையில், கடல்குதிரையையும் அழகுக்கு வளர்க்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு யாரும் கடைக்குக் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறோம்.

கடல்குதிரை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருப்பதும் அதே அட்டவணைதான். பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வாங்கி வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ‘பண்ணையில பொரிச்சது சார்’ என்ற வாய்ப்பேச்சு வழக்கில் நிற்காது. தேவகோட்டையிலிருந்து தொண்டிக் கடற்கரை ஒரு பஸ் தூரம். பாக் விரிகுடாவின் கடற்புல் தரையில் இழுவலையோடு வந்த கடல்குதிரையைப் பாலித்தீன் பையில் போட்டுக் கைமாற்றுவது எவ்வளவு எளிது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தை விடுங்கள், அது பிழைக்குமா? கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. உறிஞ்சிய இரை தங்காமல் குடலைக் கடந்துவிடும். ஆகவே தினமும் இரண்டு மூன்று வேளை ஊட்ட வேண்டும். கடலில் பிடிபட்டது, கடையில் இரையாக விற்கும் உறைந்த மைசிஸ் என்ற பொடி இறாலை எளிதில் இரையாக மதிக்காது. அசைந்தால்தான் வாய் வைக்கும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரை உயிரோடு போடலாம் என்றால், வளர்ந்த ஆர்ட்டீமியாவில் சத்துக் குறைவு, அதற்குத் தனியாகச் சத்தேற்ற வேண்டும். பட்டினியால் வயிற்றுப் பக்கம், உடலைச் சுற்றிய எலும்பு வளையங்களுக்கு நடுவே குழி விழுந்துவிட்டால் மீட்பது கடினம்.

கடல்மீன் ஆசை உள்ளவர்களுக்குக் கோமாளி மீன் இருக்கிறது. கடையில் ‘நிமோ’ என்று கேட்டால் தருவார்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி மையம் அதைக் குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பொரிப்பகக் குஞ்சாகவே கேட்டு வாங்குங்கள். 120 லிட்டர் தொட்டி ஒரு ஜோடிக்குத் தாராளம். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல் உப்புக் கலவை, மொத்தம் 4 கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். நன்னீரின் அடர்த்தி 1 என்றால் இதன் அடர்த்தி 1.023 முதல் 1.025 வரை. சமையல் கல் உப்பு உதவாது, கால்சியமும் மக்னீசியமும் கடலில் உள்ள விகிதத்தில் அதில் இல்லை. மீன் விடுமுன் 4 முதல் 6 வாரம் ஃபில்டரை ஓட்டி, கழிவை உடைக்கும் பாக்டீரியா வளர இடையில் சிறிது அமோனியா சேர்த்து, பிறகு மீனுக்கு நஞ்சான அமோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டுகிறதா என்று பாருங்கள். இந்தப் பொறுமை இல்லாமல்தான் முதல் வாரத்திலேயே மீன் மிதக்கிறது.

நம் ஊரில் பெரிய எதிரி சூடு. கோமாளி மீனுக்கு 25 முதல் 28 டிகிரி போதும். கடல்குதிரைக்கோ 23 முதல் 25 வேண்டும். சித்திரையில் கான்கிரீட் வீட்டில் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டிவிடும். பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவர் கொஞ்சம் காக்கும், அவ்வளவே. ‘கடலிலும் கோடையில் 30 டிகிரி இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, ஆனால் அங்கே கழிவு கரைந்து போக இடமிருக்கிறது. தொட்டியில் மிச்ச இரை அழுகும்போது சூடும் சேர்ந்தால் விப்ரியோ பாக்டீரியா பெருகும். கடல்குதிரையின் வால்தோல் வெளுத்து உரியத் தொடங்கும்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் மின்விசிறி ஓடினால் 2, 3 டிகிரி குறையும். அப்போது தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள், மறுபடி உப்புநீரை ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கினால் அதன் வெப்பக்காற்று முற்றத்துப் பக்கம் போகட்டும். அடைத்த அறையில் அது கக்கும் சூடே திரும்பத் தொட்டிக்குள் வரும். வீட்டு இன்வெர்ட்டர் ஏர் பம்பைத் தாங்கும், சில்லரை நெடுநேரம் தாங்காது. (ஆத்தங்குடிக் கல் பதித்த தளமென்றால் சிந்திய உப்புநீரை உடனே துடையுங்கள், கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்துப்போகும்.)

அலங்காரத்துக்கென்று வெள்ளைப் பவளப்பாறைத் துண்டும் கடல் விசிறியும் விற்கிறார்கள். அவையும் முதல் அட்டவணைதான்.

ஏற்கெனவே கடல்குதிரை வாங்கிவிட்டவர்கள் ஊருணியிலோ கண்மாயிலோ விட்டுவிடாதீர்கள், நன்னீரில் அது சாகும். தாங்களாகவே தொண்டிக் கடலில் விடுவதும் சரியல்ல. தொட்டி நோய் கடலில் உள்ளவற்றுக்கும் தொற்றலாம். வனச்சரக அலுவலகத்தில் சொல்லி ஒப்படையுங்கள். விற்பனை நடப்பதைப் பார்த்தாலும் அங்கேயே தெரிவிக்கலாம். கட்டுரை வந்த அதே இணைப்பில் இந்தத் திருத்தத்தையும் வெளியிட வேண்டுகிறோம்.

— உப்புநீர் மீன் வளர்ப்போர் சிலர்,
காரைக்குடி