டாக்கிங் எண் மருந்தாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மஞ்சளிலுள்ள குர்குமின், புற்றுச்செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 புரதத்தில் ‘பூட்டில் சாவிபோல்’ பொருந்துவதாகச் சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. சான்றாகக் காட்டியிருப்பது கணினி டாக்கிங்கில், அதாவது ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படி, எவ்வளவு வலுவாகப் பொருந்தும் என்று மென்பொருள் போடும் கணிப்பில், கிடைத்த மைனஸ் 9 என்ற ஒரே மதிப்பெண். நம் காரைக்குடிப் பக்கத்து முதுகலை மாணவர்கள் பலரும் இதே வழியில் ஆய்வேடு எழுதுவதால் இதை விளக்கியாக வேண்டும்.

நொதிக்குப் பூட்டு உவமை சரி. வளவு வீட்டு நிலைக்கதவைப்போல் அதற்கு ஆழமான துவாரம் உண்டு. பிசிஎல்-2 விஷயத்தில் போல இரு புரதங்கள் ஒட்டும் இடமோ, இரண்டு ஆத்தங்குடிக் கற்களை வழவழப்பு முகம் உள்ளே இருக்கும்படி சேர்த்து வைத்தது போன்றது. ஒட்டும் பரப்பு பெரும்பாலும் 1,500 முதல் 3,000 சதுர ஆங்ஸ்ட்ராம் (ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). சிறு மூலக்கூறு அதில் ஒரு மூலையைத்தான் மறைக்கும். ஆனாலும் வழி இருக்கிறது. பரப்பு முழுதும் ஒரே வலுவில் பிடிப்பதில்லை. புற்றைத் தடுக்கும் பி53 புரதம், தன்னை அடக்கும் எம்டிஎம்2 புரதத்தைப் பற்றுவது முக்கியமாக ஃபினைல்அலனின் 19, டிரிப்டோஃபன் 23, லூசின் 26 என்ற மூன்று அமினோ அமிலங்களால். 2004-இல் வெளிவந்த நட்லின்கள் என்ற சிறு மூலக்கூறுகள், எம்டிஎம்2-வில் அவை பொருந்தும் மூன்று குழிகளில் அமர்ந்தே பிடியை விடுவித்தன.

டாக்கிங்கின் பலவீனம் கணக்கிலேயே இருக்கிறது. பிணைப்பு ஆற்றல் மோலுக்கு 1.4 கிலோகலோரி தவறினால் பிணைப்பு வலு பத்து மடங்கு மாறிவிடும். மென்பொருளின் வழக்கமான பிழையே 2 கிலோகலோரிக்கு மேல். மூலக்கூறு பெருத்தாலே மதிப்பெண்ணும் ஏறும்.

ஆகவே ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். ஒளிரும் பெப்டைடை (சிறு புரதத் துண்டை) புரதத்திலிருந்து மருந்து விலக்குகிறதா என்று அளப்பது முதல் சோதனை. குர்குமின் ஏமாற்றுவதும் அங்கேதான்: அது தானே பச்சையாக ஒளிரும், நீரில் திரண்டு புரதத்தை ஒட்டவைத்துக்கொள்ளும், சிதையவும் செய்யும். திரட்சியைக் கலைக்கும் சோப்பு போன்ற டிரைட்டான் எக்ஸ்-100-ஐ 0.01 சதவீதம் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். விளைவு மறைந்தால் அது திரட்சியின் வேலை. தேறியதை என்எம்ஆரில் (காந்தப்புலத்தில் அணுக்களின் சமிக்ஞையை அளக்கும் முறையில்) வைத்து, புரதத்தின் எந்த அமினோ அமிலங்களின் சமிக்ஞை நகர்கிறது என்று காண வேண்டும். கடைசியாகச் செல் சோதனை. பிசிஎல்-2-ஐத் தடுத்துத்தான் கொல்கிறது என்றால், செல்லைச் சாகச் செய்யும் பாக்ஸ், பாக் என்ற புரதங்கள் இரண்டும் நீக்கப்பட்ட செல்கள் சாகக் கூடாது. அவையும் செத்தால் அது வெறும் நச்சு.

இதே பிசிஎல்-2-க்கு உண்மையான மருந்து வர எத்தனை காலமானது! 2005-இல் வந்த ஏபிடி-737-ஐ வாய்வழி கொடுக்க முடியவில்லை. அடுத்து வந்த நாவிடோகிளாக்ஸ், தட்டணுக்களை உயிரோடு வைத்திருக்கும் பிசிஎல்-எக்ஸ்எல்லையும் சேர்த்துத் தடுத்ததால் தட்டணு எண்ணிக்கை சரிந்தது. அதைத் தொடாத வெனெட்டோகிளாக்ஸுக்கு 2016-இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் மூலக்கூறு எடை 868 டால்டன். வாய்வழி மருந்துக்கு 500-க்குள் என்ற விதியையே மீறியது. நாட்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுக்கு அதையும் நாள் ஒன்றுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரந்தோறும் ஏற்றி, ஐந்தாம் வாரத்தில்தான் 400-க்குக் கொண்டு போகிறார்கள். புற்றுச்செல்கள் ஒரேயடியாக உடைந்தால் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கட்டுரையாளர் டிரைட்டான் சோதனை செய்திருந்தால் அதன் முடிவை அடுத்த இதழில் வெளியிடுங்கள். செய்யவில்லையென்றால், ‘இது கணினிக் கணிப்பு மட்டுமே, யாரும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மருந்து வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி.