திரும்பி வரும் பேஸ்பால் ரசிகர்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் (வேர்ல்டு சீரிஸ்) கடைசி, ஏழாவது ஆட்டம் வரை போய்விட்டால், பேஸ்பாலை எப்போதோ விட்டவர்கள்கூட டிவி முன் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களை முதலில் குழப்புவது பிட்ச் கடிகாரம், அதாவது பந்தை வீச நேர வரம்பு. 2023இல் வந்த விதி இது. பேஸில் (ஓட்டக்காரர் நிற்கும் தளத்தில்) ஆள் இல்லையென்றால் பந்து வீசும் பிட்சருக்கு 15 விநாடி. ஆள் இருந்தால் இப்போது 18. தாமதித்தால் பேட்டருக்குச் சாதகமாக ஒரு ‘பால்’ (நான்கு சேர்ந்தால் அவருக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும்) ஏறும். 8 விநாடி மிச்சமிருக்கும்போதே பேட்டர் தயாராக நிற்காவிட்டால், பந்து வீசாமலேயே ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்)! 2022இல் சராசரியாக 3 மணி 4 நிமிடம் இழுத்த ஆட்டம், மறு ஆண்டே 2 மணி 40 நிமிடத்துக்கு வந்தது.

பேஸின் பக்க அளவும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. ஓட்டக்காரரை மடக்க, ஒரு பேட்டர் ஆடும்போது பிட்சர் இரண்டு முறைதான் பந்தை பேஸுக்கு எறிந்து பார்க்கலாம். மூன்றாவதிலும் அவுட் ஆக்காவிட்டால் ஓட்டக்காரருக்கு அடுத்த பேஸ் சும்மா கிடைக்கும். பேஸ் திருட்டு (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) மறுபடி களைகட்டியது இதனால்தான்.

ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலையானால் ஆடும் கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் ஆளை நிறுத்தித் தொடங்கும் விதி மட்டும் உலகத் தொடரில் கிடையாது. அது மிக நல்ல முடிவு. 2025 நவம்பர் 1 அன்று டொராண்டோவில் நடந்த ஏழாவது ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் அணியான டாட்ஜர்ஸ் 11 இன்னிங்ஸ் ஆடி 5-4 என வென்றது பழைய முறையில்தான்.

அடுத்த இறுதியாட்டத்தின்போது ஸ்கோருக்குப் பக்கத்தில் இந்த விதிகளையும் சிறு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

– ஒரு வாசகர்