மலத்தின் நிறத்தைப் பார்க்கச் சொல்

அன்புள்ள சிவகாமி,

பதில் எழுதாததற்கு நீ கோபமாக இருப்பாய். இதைப் படித்து முடித்த பிறகு கோபித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். நம் மல்லிகாவின் பேரனுக்குத்தான் பித்தநாள அடைப்பு, அதாவது மலத்துக்கு நிறம் தரும் பித்தத்தை ஈரலிலிருந்து குடலுக்குக் கொண்டுபோகும் குழாய் அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, போன மாதம் அறுவை சிகிச்சை செய்தார்கள். உன் மகளுக்குப் பிரசவம் நெருங்குவதால் இதை உனக்கு எழுதியே ஆக வேண்டும்.

குழந்தை நல்ல எடையோடு பிறந்து, நன்றாகப் பால் குடித்தான். கண்ணில் மட்டும் மஞ்சள் மாறவில்லை. உள்ளூர் மருத்துவர் தாய்ப்பாலால் வரும் மஞ்சள்தான், காலை வெயிலில் காட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாரே தவிர, மலம் என்ன நிறம் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. குழந்தையைப் பார்க்க வந்த பெரியம்மாதான் துணி மாற்றும்போது கவனித்தாள்: மலம் அரைத்த அரிசிமாவு போல வெளுத்திருந்தது, நிறமில்லாமல் இருக்க வேண்டிய சிறுநீரோ துணியில் மஞ்சள் கறையாகப் படிந்திருந்தது. தாய்ப்பால் மஞ்சளில் மலம் வெளுக்காது. பிறந்து இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் இருந்தால், இரத்தத்தில் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் மொத்தம் எவ்வளவு என்பதோடு, அதில் ஈரல் பதப்படுத்திப் பித்தத்தில் அனுப்ப வேண்டிய நேரடி பிலிருபினையும் தனியாக அளந்து பார்க்க வேண்டும். இவனுக்கு அந்த நேரடி அளவுதான் ஏறியிருந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பால் கொடுக்காமல் வைத்திருந்து ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பை சுருங்கிக் கிடந்தது. ஈரலில் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். கடைசியில் அறுவை அரங்கிலேயே பித்தப்பைக்குள் சாயம் செலுத்திப் படமெடுத்து, அது ஈரலுக்கும் போகவில்லை, குடலுக்கும் போகவில்லை என்று உறுதி செய்த கையோடு சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள். ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் என்பவர் 1955-இல் முதலில் செய்த முறை இது. நாராகிப்போன நாளத்தை அடியோடு வெட்டியெடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் திறக்கும் ஈரலின் வாயிலோடு சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து நேராகத் தைக்கிறார்கள். பித்தம் அங்கே கசிந்து குடலில் இறங்க வேண்டும். அதற்குள் ஈரல் இறுகிவிடக் கூடாது என்பதால், 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம் என்கிறார்கள். தைவானில் 2004 முதல் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண அட்டையை ஒவ்வொரு தாய்க்கும் கொடுக்கிறார்கள். ஒரு காகிதத்துண்டுதான், சிவகாமி! நம் ஊரிலும் எல்லாத் தாய்மாருக்கும் அது கிடைக்க வேண்டாமா?

மலம் மஞ்சளாக மாறியதும் மல்லிகா தொலைபேசியில் அழுதுகொண்டே சிரித்தாள். ஆனாலும் கவலை தீரவில்லை. பித்தநாளத்தில் கிருமி தொற்றலாம் என்பதால், காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இந்த அறுவை நடந்த குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் ஈரல் மாற்று அறுவை சிகிச்சையும் தேவைப்படுகிறது. 1998-இல் இதே நோய்க்காகத் தில்லியில் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியைப் பொருத்திக்கொண்ட காஞ்சிபுரத்துக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டதைச் சொல்லித்தான் நாங்கள் அவளைத் தேற்றுகிறோம்.

உன் மகளிடம் இன்றே சொல்; கூச்சப்படுவாள், பரவாயில்லை. துணி மாற்றும்போதெல்லாம் பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்க்கட்டும். வெளுத்திருந்தால் யார் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காமல், குழந்தை ஈரல் நோய் பார்க்கும் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போ. மல்லிகாவுக்கும் நாலு வரி எழுது. உன்னைப் பற்றி விசாரித்தாள்.

அன்புடன்,
கோமதி