நோவும் பிணியும் தெருவோடு போக

அன்புள்ள கண்ணு,

பேரனுக்கு அம்மை இறங்கிவிட்டது, மூன்றாவது தண்ணீரும் ஊற்றியாயிற்று என்று மாப்பிள்ளை நேற்றுப் போனில் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கியது.

போன வாரம் நீ அழுதுகொண்டே கேட்டாயே, "மாசித் தேருக்கு வராமல் இருந்துவிட்டேன், அதற்காகத்தான் அம்மன் என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாளா?" என்று. ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்த நேரம், ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இல்லை சாமி. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டு மாதக்கணக்கில் வெந்திருக்கிறேன்.

நீ பத்தாம் வகுப்புப் படித்த வருடம் அது. மார்கழிக் கடைசியில் உன் அப்பாயி போய்ச் சேர்ந்தார். தீட்டு என்று பட்டிப் பொங்கல் வைக்கவில்லை. மாசியில் மேச்சேரி பத்ரகாளியம்மனுக்குத் தீர்த்தக்குடமும் எடுக்கவில்லை. கோடை வந்ததும் உன் அப்பா ஆடுகளை ஓட்டிக்கொண்டு பண்ணவாடிப் பக்கம் போனார். மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றி, மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும் வருடங்களில் அந்த ஏரித் தரையில்தானே நம் ஆடுகளுக்கு மேய்ச்சல். அந்த முறை மழை முந்திக்கொண்டது. ஊர் திரும்பியபோது நம் மேட்டுக்காடு பச்சைப் பசேல் என்று கிடந்தது. ஆடுகள் வாயை எடுக்காமல் மேய்ந்தன. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

மறு வாரம் ஒரு குட்டி துள்ளியது. விளையாடுகிறது என்று நினைத்தேன். துள்ளி விழுந்து, கழுத்தைப் பின்னால் வளைத்து, காலை உதைத்து அடங்கிவிட்டது. ஆறு நாட்களில் 14 குட்டிகள். நன்றாகக் கொழுத்திருந்தவைதான் முதலில் போயின.

துள்ளுமாரி என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்ட பிறகு வேறு என்ன நினைப்பேன்? பொங்கல் வைக்காத பட்டிக்குள் மாரியே இறங்கி, குட்டிகளைத் துள்ளவைத்துக் கொண்டுபோகிறாள் என்று நம்பினேன். பட்டி வாசலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். இதுவரை உன்னிடம் சொல்லாததையும் சொல்கிறேன். கடைசிக் குட்டி செத்த இரவு, அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு கிழவி செத்ததற்கு என் பட்டியைக் காலி செய்கிறாயே, நீ தாயா என்று கேட்டேன்.

விடிந்ததும் உன் அப்பா அந்தக் குட்டியைச் சாக்கில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போனார். அவர் அறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இந்தக் கிருமி ஆட்டின் குடலிலேயே கொஞ்சம் இருக்கும், சும்மா கிடக்கும். மழைக்குப் பிறகு இளம்புல்லை அளவு தெரியாமல் தின்றால் ஒரேயடியாகப் பெருகி நஞ்சைக் கக்கும். நன்றாக மேயும் குட்டிதான் முதலில் சாகும். மழைக்கு முன்னால் ஒரு தடுப்பூசி போட்டிருந்தால் போதும்.

எனக்கு அழுகை நிற்கவில்லை. குட்டிகளுக்காக மட்டும் இல்லை. செய்யாத கொலையை அவள் தலையில் கட்டிவிட்டேனே என்றுதான் அழுதேன். நம் மேச்சேரி ஆட்டுக்கென்றே பொட்டனேரியில் 1978-இல் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. அந்த வழியாக எத்தனை முறை சந்தைக்குப் போயிருப்பேன்! ஒரு நாளாவது உள்ளே போய்க் கேட்டிருக்கலாம்.

உன் தாத்தா முகத்தில் பெரியம்மைத் தழும்பு இருக்குமே. சின்ன வயதில் நீ அதில் விரலை வைத்து எண்ணுவாய். 1980-இல் அந்த நோயே உலகத்தில் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் தாத்தா ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. எதற்கு என்று நான் கேட்டதற்கு, "பயம் போனால் தாயைப் பார்க்கப் போகக் கூடாதா?" என்றார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

இப்போது வருடம் தவறாமல் ஊசி போடுகிறேன். தை மாதம் பட்டிப் பொங்கலும் வைக்கிறேன். சாணத்தால் தெப்பக்குளம் கட்டி, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செருகி, வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே ஆடுகளை வரிசையாக விடும்போது, குளத்தை எந்த ஆடு முதலில் மிதிக்கும் என்று நீயும் உன் அண்ணனும் சண்டை போட்டது கண்ணுக்குள் வரும். "பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக" என்று குரல் கொடுக்க இப்போது நானும் அப்பாவும் மட்டும்தான். நோவைப் போகச் சொல்லித்தானே அவளிடம் கேட்கிறோம், கண்ணு. அனுப்புகிறவளாக இருந்தால் அவளிடமே கேட்போமா?

பிள்ளைக்குக் கண்ட கொப்புளம் ஒரு கிருமியால் வந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து ஒட்டியிருக்கும். டாக்டரிடம் காட்டியது சரி. சம்பந்தியம்மா தாளிக்காதே, வெளியாட்களை உள்ளே விடாதே என்றதற்கும் கோபப்படாதே. ஆள் வராவிட்டால் அடுத்தவர் பிள்ளைக்கு ஒட்டாது, இவனுக்கும் தூக்கம் கிடைக்கும். வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்தது உனக்குத் தைரியம் கொடுத்தது என்றால் அதுவும் நல்லதுதான். அபராதம் என்று எதையும் நேர்ந்துகொள்ளாதே. நேர்ந்துவிட்டாயானால் சொல், நான் கோயிலில் சொல்லிக்கொள்கிறேன்.

தேருக்கு வரவில்லை என்ற குறை உனக்கு இருந்தால், பள்ளி விடுமுறை விட்டதும் அவனைக் கூட்டிக்கொண்டு வா. கூட்டம் இல்லாத ஒரு காலையில் மேச்சேரிக்குப் போய் அம்மனைப் பார்த்துவிட்டு வருவோம். அந்த வாரமே பட்டிக்கு ஊசி போட வருகிறார்கள். குட்டிகளைப் பிடித்துக் கொடுக்க அப்பாவுக்கு முன்போல் முழங்கால் மடங்குவதில்லை. பிள்ளை இரண்டு குட்டியைப் பிடித்தாலும் போதும். பழைய சட்டையாக ஒன்று எடுத்து வை.

அன்புடன்,
அம்மா